வீட்டு விஞ்ஞானம்: கழுவிய காபரேற்றரும் கலங்கிய மனமும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என ஊர் ஊராகக் கடந்து பொத்துவிலையும் அறுகம்பேயையும் சென்றடையும் கரையோர வீதியில், காலைப்பொழுதிலே சற்று நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இப்பகுதிக் குடும்பங்களின் காலும் தோளுமாய் விளங்குவது மோட்டார் சைக்கிளே. மீன் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. பிள்ளைகளைப் பாடசாலை வாயிலில் இறக்கிவிடுவதும் அதுவே. ஒலுவிலிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மாணவனை ஏற்றிச் செல்வதும், நள்ளிரவில் நோயுற்ற தாயை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. அது ஒரு நாள் நின்றால் வீட்டின் அன்றாடக் கணக்கே பிசகிவிடும்.

இத்தகைய வண்டியைப்பற்றி நாம் அடிக்கடி செவிமடுக்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. “காபரேற்றரைக் கழற்றிக் கழுவுமுன் ஏதோ ஓடியது, கழுவிய பின்னர்தான் இப்படி இருமுகிறது, திணறுகிறது, நின்று நின்று போகிறது” என்பதே அது. இந்நிலையில் மக்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றை நாடுவர். சிலர் கழுவிய மெக்கானிக்கைக் குறைகூறி வேறொரு கராஜுக்குச் செல்வர். சிலர் புதிய காபரேற்றர் ஒன்றை விலைகொடுத்து வாங்குவர். வேறு சிலர், “ஓடுகிறவரை ஓடட்டும்” என்று விட்டுவிடுவர். முதலாவது வழி நட்பைக் கெடுக்கும். இரண்டாவது பணத்தைக் கெடுக்கும். மூன்றாவதோ சில வேளை உயிருக்கே உலை வைக்கும். யானைகள் கடக்கும் பொத்துவில்–பாணமை வீதியில் இருள் சூழ்ந்த பின் நின்றுவிடும் வண்டி வெறும் தொல்லையன்று, ஆபத்து.

நான்காவது வழியும் ஒன்றுண்டு. சிந்தித்துக் காரணம் காண்பதே அது. அவ்வழியையே இவ்வாரம் நாம் ஆராய்வோம்.

இக்கரையில் இது ஏன் மிகுதி?

அறுகம்பேயின் அலைச்சறுக்குப் பருவம் ஏறக்குறைய மே மாதத்தில் தொடங்கி ஒக்டோபரில் முடிவுறும். அக்காலத்தில் பிறநாட்டு விருந்தினர்க்கு வாடகைக்கு விடப்படும் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் ஓய்வறியாது ஓடும். பின்னர் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும்; வண்டிகள் மாதக்கணக்கில் தாழ்வாரத்தில் நிற்கும். நிற்கும் வண்டியின் காபரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோல் தேங்கியிருக்கும். பெற்றோல் என்பது ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாவனவும் மெல்ல ஆவியாவனவுமாகிய பல நீர்மங்களின் கலவை. இலேசானவை முதலில் பறந்துவிட, எஞ்சுபவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, பிசின் போன்றதொரு கசடாக நுண்ணிய துவாரங்களில் படியும். அத்தோடு உப்புக்காற்றின் ஈரமும் கலந்துவிட்டால், உலோகத்தில் வெண்பொடி பூத்து அரிப்பும் தொடங்கும்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தையும் நாம் மறந்திருக்கமாட்டோம். கியூ.ஆர். குறியீட்டின் பேரில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிடப்பட்ட காலம் அது. போத்தலிலும் கானிலும் சேமித்த பெற்றோலோடு தூசும் நீரும் தாங்கிக்குள் செல்ல எத்துணை வாய்ப்பு! அதற்கு முன்னரே, 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே வழி மீளத் திறக்கப்பட்டது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் காபரேற்றரைக் கைவிட்டு, எரிபொருளை ஊசிபோற் பீச்சும் முறைக்கு மாறிவிட்டன. நம் வீதிகளிலோ பழைய வண்டிகளே தொடர்ந்து உழைத்தன. ஆகவே, காபரேற்றரைப்பற்றிய அறிவு நமக்கு இன்னும் பல்லாண்டு வேண்டியதே.

காபரேற்றர் செய்யும் தொழில்

பாயும் நீர்மம் ஒடுங்கிய வழியில் விரைவாகச் செல்லும்போது அதன் அமுக்கம் குறையும் என்ற உண்மையை விளக்கும் நூலை டானியேல் பெர்னூலி 1738ஆம் ஆண்டில் வெளியிட்டார். இடை ஒடுங்கிய குழாயில் இதனை ஆராய்ந்தவர் இத்தாலிய அறிஞர் வெந்தூரி. இவ்வுண்மையே காபரேற்றரின் உயிர்நாடி. 1893ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டொனாற் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவரும், பெற்றோலைத் தெளித்துக் காற்றோடு கலக்கும் காபரேற்றரை ஆக்கினர். இன்று நம் வீட்டு வண்டியில் இருப்பது அதன் பேரப்பிள்ளையே.

பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்று காபரேற்றரின் ஒடுங்கிய தொண்டை வழியே விரைகையில் அங்கு அமுக்கம் குறைகிறது. கீழே கிண்ணத்திலுள்ள பெற்றோலை வெளிக்காற்றின் அமுக்கம் மேலே தள்ளுகிறது. பெற்றோல் துளிகளாய்ச் சிதறிக் காற்றோடு கலந்து சிலிண்டருக்குட் செல்கிறது. இக்கலவையின் விகிதம் முக்கியமானது. ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கன அளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று! பெற்றோல் மிகுந்தால் அது ‘தடித்த’ கலவை. காற்று மிகுந்தால் ‘மெலிந்த’ கலவை. காபரேற்றர்க் கோளாறுகள் அனைத்தும் ஈற்றில் இவ்விரண்டனுள் ஒன்றாகவே முடியும்.

கலவையை எல்லா வேகத்திலும் ஒரே துவாரத்தால் அளந்து கொடுக்க இயலாது. ஆதலின் காபரேற்றருக்குள் பல வழிகள் உள்ளன. கைப்பிடியை முறுக்காதபோதும் மிகச் சிறிதே முறுக்கியபோதும் பெற்றோல் தருவது பைலற் ஜெற் என்னும் சிறு ஜெற். எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குவரை, சிலைட் எனப்படும் ஏறியிறங்கும் உருளையின் அடிவெட்டு ஆட்சி செய்யும். கால் பங்கு முதல் முக்கால் பங்குவரை, அவ்வுருளையில் தொங்கும் கூம்பிய ஊசி அளந்து கொடுக்கும். முக்காலுக்கு மேல் முழுமைவரை மெயின் ஜெற்றின் அதிகாரம். இவை யாவற்றுக்கும் பொதுவாக, கிண்ணத்திற் பெற்றோலின் மட்டத்தைக் காப்பது மிதவை. நம் வீட்டு நீர்த்தாங்கியில் மிதக்கும் பந்து நீரை நிறுத்துவது போன்றதே இதன் தொழிலும்.

கையில் ஆயுதம் எடுக்குமுன்

கடைசியாகத் தொட்டதையே முதலிற் சந்தேகி என்பது பழுது தேடுவோரின் முதல் விதி. எனினும், காபரேற்றரைக் கழற்றும்போது வேறு பலவும் தொடப்படுகின்றன என்பதை நாம் மறத்தலாகாது. தாங்கி அசைக்கப்பட்டிருக்கலாம், அதன் அடியிலே மின்கம்பி நசுங்கியிருக்கலாம், பிளக்கின் தொப்பி தளர்ந்திருக்கலாம். ஆகவே, திருப்புளியைத் தொடுமுன் கண்ணாலும் கையாலும் செய்யத்தக்க சோதனைகளை முடித்துக்கொள்ளல் நன்று.

பெற்றோல் உண்டா? தாங்கியின் அடியிலுள்ள திறப்பு முழுதும் திறந்துள்ளதா? குழாய் எங்கேனும் மடிந்துள்ளதா? சோக் தானே இழுபட்டு நிற்கிறதா? காற்று வடிகட்டி தன்னிடத்தில் உள்ளதா, அல்லது பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் இருக்கிறதா? பிளக்கின் தொப்பி இறுக்கமாக உள்ளதா? இவை ஐந்து நிமிட வேலைகள்.

ஓர் உதாரணம் காண்போம். கழுவிய வண்டி சாய்ந்தமருதில் நன்றாகப் புறப்படுகிறது. காரைதீவைத் தாண்டுமுன் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் பொறுத்தால் மீண்டும் ஓடுகிறது. இது ஜெற்றின் குற்றமாகத் தோன்றவில்லை. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டி, கிலோமீற்றருக்கு 20 மில்லிலீற்றர் பெற்றோல் அருந்தும். கிண்ணத்தில் நிற்பதோ சிறிதளவே. அது தீர்ந்தபின், மேலிருந்து போதிய பெற்றோல் இறங்காவிடின் வண்டி நிற்கத்தானே வேண்டும்? எனவே, குற்றம் தாங்கிக்கும் கிண்ணத்துக்கும் இடையில் உள்ளது. தாங்கி மூடியில் காற்றுப் புகும் சிறுதுவாரம் அடைபட்டிருப்பின், உள்ளே வெற்றிடம் தோன்றிப் பெற்றோல் இறங்காது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பார்க்கலாம். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு வண்டியும் உடனே உயிர்பெற்றால் திருடன் அகப்பட்டுவிட்டான். மழைக்காலமாயின், கிண்ணத்தின் அடித்திருகாணியைத் தளர்த்திப் பெற்றோலைக் கண்ணாடிக் குவளையிற் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் கலந்திருப்பின் அது அடியிலே தனியே முத்துப்போல் நிற்கும்.

தடித்ததா, மெலிந்ததா?

அடுத்து அறியவேண்டியது கலவையின் தன்மை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா, சோக்கே போதும். சூடேறிய எஞ்சின் திணறும்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். சோக் கலவையைத் தடிப்பாக்கும். இழுத்தவுடன் ஓட்டம் சீரானால், முன்னிருந்த கலவை மெலிந்தது. இழுத்தவுடன் இன்னும் திணறினால், முன்னரே தடித்தது.

பிளக்கும் சாட்சி சொல்லும். அதன் முனை வெளிறி வெண்மையாய் இருப்பின் மெலிவு. கரிப்பொடி படிந்து உலர்ந்த கறுப்பாய் இருப்பின் தடிப்பு. இளங்கபில நிறமாயின் நலம். எண்ணெய்ப்பசையோடு கறுத்திருப்பின், அது காபரேற்றரின் குற்றமன்று. எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகின்றது. கைப்பிடியை விட்டவுடன் சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பதும், குளிரில் தொடங்க மறுப்பதும் மெலிவின் அறிகுறிகள். கரும்புகையும் பெற்றோல் வாடையும் தடிப்பின் அறிகுறிகள். குளிர்ந்திருக்கையில் நன்றாகவும் சூடேறிய பின் மோசமாகவும் ஓடுவதும் தடிப்பையே காட்டும்.

எந்த இடத்தில் நோய்?

கலவையின் தன்மை தெரிந்தபின், அது எந்த நிலையில் கெடுகிறது என்பதைக் காணவேண்டும். கைப்பிடியின் அருகே ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை எனக் கோடுகள் இடுங்கள். சனநெருக்கமில்லாத நேரான வீதியிலே தலைக்கவசத்துடன் ஓட்டி, எந்தக் கோட்டில் வண்டி திணறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் காட்டுவது கைப்பிடியின் நிலையையே அன்றி வண்டியின் வேகத்தை அன்று என்பதை மாணவர்கள் கவனிக்க. மேலே கூறிய நான்கு ஆட்சிகளுள் எது குற்றவாளி என்பதை இக்கோடுகளே காட்டிக்கொடுக்கும்.

கராஜிலே நிகழக்கூடிய ஓர் உரையாடலை இங்கே கற்பனை செய்து பார்ப்போம்.

“காக்கா, கழுவின நாளிலிருந்து சோக்கைத் தள்ளினா நிண்டு போகுது.”

“சோக்கை இழுத்து வைச்சா, தம்பி?”

“நல்லா ஓடுது.”

“அரைவாசிக்கு மேல முறுக்கினா?”

“ஒரு குறையும் இல்ல, காக்கா.”

“அப்போ பெரிய ஜெற்றில குத்தமில்ல. சின்ன ஜெற்றையும் றப்பரையும் பாப்பம்.”

இரண்டே வினாக்களில் அந்த மெக்கானிக் காபரேற்றரின் பெரும்பகுதியைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டார். சோக் இழுத்தால் சீராவதால் கலவை மெலிந்தது. அரைக்கு மேல் நன்றாதலால் ஊசியும் மெயின் ஜெற்றும் நிரபராதிகள். எஞ்சுவன பைலற் ஜெற்றும், எங்கோ திருட்டுத்தனமாய்ப் புகும் காற்றுமே. இவ்வாறு கேட்பவரே நல்ல மெக்கானிக். இவ்வாறு விடை சொல்லக்கூடியவரே நல்ல வாடிக்கையாளர்.

கழுவிய பின் நேரும் தவறுகள்

பைலற் ஜெற்றின் துவாரம் ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் இரண்டு பங்கு அளவினதாய் இருக்கும். சில வண்டிகளில் அதனினும் சிறிது. வெளியே பளபளவென்று கழுவப்பட்ட காபரேற்றரிலும் இத்துவாரம் அடைபட்டே இருக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், வட்டமான ஒளிப்புள்ளி தெரியவேண்டும். அடைப்பை நீக்க உருக்குக் கம்பியைச் செலுத்துவது கூடாது. பித்தளையான ஜெற்றின் துவாரம் அதனால் அகன்றுவிடும். பின்னர் அது என்றும் பெற்றோலை மிகையாகவே தரும். சுத்திகரிப்புத் திராவகத்தில் ஊறவைத்து, அமுக்கிய காற்றால் ஊதுவதே முறை. ஜெற்றை மட்டுமன்றி, அது பொருந்தும் வழியையும் ஊதவேண்டும்.

அடுத்தது களவாய்ப் புகும் காற்று. காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் இறப்பர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கலாம். அதன் இறப்பர் வளையம் நசுங்கியிருக்கலாம். பிடி வளையம் தளர்ந்திருக்கலாம். வண்டி நிற்கும் நிலையில் எஞ்சின் ஓட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்தால் இதனையே சந்தேகிக்க வேண்டும். ஓடும் எஞ்சினின் அவ்விணைப்பில் சவர்க்கார நீரைச் சிறிது தெளித்தால், ஓசை சட்டென மாறுமாயின் அங்கே வெடிப்புண்டு. சிலர் இதற்குப் பெற்றோலையே தெளிப்பர். சூடான எஞ்சினில் அது தீயை அழைப்பதாகும், செய்யவே கூடாது.

மூன்றாவது, கலவைத் திருகாணி. இதில் இருவகை உண்டு. திருகாணி காற்று வடிகட்டியின் பக்கமாக இருப்பின் அது பெரும்பாலும் காற்றை அளப்பது. உள்ளே திருகினால் கலவை தடிக்கும். எஞ்சினின் பக்கமாக இருப்பின் அது பெற்றோற் கலவையை அளப்பது. உள்ளே திருகினால் மெலியும். இவ்வேற்றுமை அறியாது திருகுவோர், நோய்க்கு மாறான மருந்தைக் கொடுப்பவராவர். கழற்றுமுன் திருகாணியை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவைத்திருந்தால் பாதித் தொல்லை இல்லை. எழுதிவைக்காதவர், மெல்ல முட்டும்வரை திருகிப் பின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து சீராக்கத் தொடங்கலாம். இறுக்கித் திருகினால் கூரிய முனையும் அதன் இருக்கையும் பழுதாகும். இச்சீராக்கத்தை எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே செய்யவேண்டும்.

நான்காவது, சிலைட். அதன் அடியில் சரிவாக வெட்டப்பட்ட பக்கம் காற்று வடிகட்டியை நோக்க வேண்டும். திரும்பிப் பொருந்திவிட்டால் எஞ்சின் அலறும், அல்லது கைப்பிடிக்குக் கட்டுப்படாது. ஊசியின் கிளிப் ஒரு வெட்டு மாறினும் நடு ஓட்டம் கெடும். கிளிப்பைக் கீழ்வெட்டில் இட்டால் ஊசி உயர்ந்து கலவை தடிக்கும். மேல்வெட்டில் இட்டால் மெலியும்.

ஐந்தாவது, இறப்பர்ச் சவ்வு. சில வண்டிகளில் சிலைட்டைக் கம்பி இழுப்பதில்லை. மெல்லிய இறப்பர்ச் சவ்வின் மேலுள்ள வெற்றிடமே அதனை உயர்த்துகிறது. சவ்வில் ஊசிமுனையளவு துவாரம் இருப்பினும், அதன் ஓரம் மூடியில் மடிந்து சிக்கியிருப்பினும், வண்டி நின்ற நிலையில் இனிமையாய் ஓடும்; வீதியிலோ வேகம் எடுக்காது. சவ்வைச் சுத்திகரிப்புத் திராவகத்தில் இட்டால் அது ஊதிப் பெரிதாகிப் பொருந்தாமற் போகும். அதனை உலர்ந்த துணியால் துடைப்பதே போதுமானது.

ஆறாவது, மிதவை. அதன் நாக்கு சிறிது வளைந்தாலும் பெற்றோல் மட்டம் மாறி, எல்லா நிலைகளிலும் கலவை கெடும். மிதவை ஊசியின் இருக்கையில் ஒரு தூசு இருந்தால் பெற்றோல் நிரம்பி வழியும். வழிவது வெளியே மட்டுமென்று எண்ணவேண்டா. சில வேளை அது சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயிலும் கலக்கும். எண்ணெயின் மட்டம் உயர்ந்து அதிலே பெற்றோல் வாடை வீசினால், எண்ணெயை மாற்றாமல் எஞ்சினைத் தொடங்கவே கூடாது.

ஒன்றை மாற்றி ஒன்றைக் காண்

இத்தனையும் படித்தவுடன் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடத் தோன்றும். அது பெரும்பிழை. திருகாணியைத் திருகி, கிளிப்பையும் மாற்றி, புதுப் பிளக்கும் இட்டபின் வண்டி சீரானால், எது நோய் எது மருந்து என்று எவ்வாறு அறிவோம்? இன்னும் மோசமாயின், எதனைத் திருப்புவோம்? ஒரு முறை ஒன்றையே மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், எழுதி வையுங்கள், பயனில்லையெனின் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். ஆய்வுகூடத்தில் ஆசிரியர் கற்பிக்கும் முறையும் இதுவே. கொப்பி ஒன்றும் பென்சிலும் பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கும்.

கட்டாயம் நினைவிற் கொள்ளவேண்டியவை சில. பெற்றோல் ஆவி காற்றினும் கனமானது. நிலத்தோடு தவழ்ந்து தூரத்து அடுப்பையும் சென்று பற்றும். ஆகவே சமையலறைக்கு அருகிலோ, சிகரெட் புகைப்போர் நடுவிலோ காபரேற்றரைத் திறத்தல் ஆகாது. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடலாகாது; சைலன்சரிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இன்றியே உயிர்குடிக்கும். சிறுபிள்ளைகளை எட்டவே நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீதியில் இறங்குமுன் கைப்பிடியை முழுதும் முறுக்கி விடுங்கள். அது தானே ‘டக்’ என்று திரும்ப வேண்டும். ஹாண்டிலை இடமும் வலமும் முற்றாகத் திருப்பும்போது எஞ்சினின் ஓசை உயரலாகாது. உயர்ந்தால் கம்பி தவறான வழியில் இழுபடுகிறது. கைப்பிடி சிக்கிய வண்டியில் ஒருவரும் ஏறக்கூடாது. திணறும் வண்டி உங்களை வீதியில் நிறுத்தும். சிக்கிய வண்டியோ நிறுத்தவே விடாது.

மெலிந்த கலவையோடு நீண்ட தூரம் ஓடுவதும் தீது. எரிதல் சூட்டை மிகுவித்து, பிஸ்டனையும் வால்வையும் கெடுக்கும். சில நூறு ரூபாயோடு முடியவேண்டிய இறப்பர் வளையத்தின் குற்றம், எஞ்சினையே பிரிக்கும் செலவாய் வளரும்.

வருமுன் காத்தல்

பருவம் முடிந்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவோர், தாங்கியின் திறப்பை மூடிக் கிண்ணத்தின் அடித்திருகாணியைத் தளர்த்தி அதிலுள்ள பெற்றோலை வடித்துவிடட்டும். திறப்பு இல்லாத வண்டிகளுக்கு, பெற்றோற் குழாயை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அடைத்து வைக்கலாம். தாங்கி உருக்கினால் ஆனதாயின் அதனை நிரப்பி வைத்தால் உட்புறம் துருப்பிடிக்க இடம் குறையும். உப்புக்காற்றுப் படாமல் மூடி வைப்பதும் நன்று. மீண்டும் எடுக்கும்போது பழைய பெற்றோலை நம்பாமல் புதியதை ஊற்றுங்கள். இவ்வளவு செய்தால் காபரேற்றரைக் கழுவவேண்டிய அவசியமே பெரும்பாலும் எழாது.

நன்றாக ஓடும் காபரேற்றரை, “எதற்கும் ஒரு முறை கழுவி விடுவோம்” என்று திறத்தலும் வேண்டா. நோயில்லாதவனுக்கு அறுவைச் சிகிச்சை எதற்கு?

மாணவர்களே! உங்கள் வாப்பாவின், அல்லது அப்பாவின், மோட்டார் சைக்கிளில் பெர்னூலியின் தத்துவமும், மிதத்தல் விதியும், தகனத்தின் இரசாயனமும் ஒருங்கே தொழில் புரிகின்றன. அடுத்த முறை கராஜிலே அது திறக்கப்படும்போது அருகே நின்று பாருங்கள், மரியாதையோடு வினவுங்கள். எண்ணெய் படிந்த அக்கைகள் கற்றுத்தரும் பாடம் எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததன்று. பெரியோர்களே! வண்டி திணறினால் முதலில் மெக்கானிக்கை ஏசாதீர்கள். அவரிடம் விடயத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள். எப்போது திணறுகிறது, எந்த நிலையில், சோக் இழுத்தால் என்ன ஆகிறது என்னும் மூன்றுக்கும் விடை கொண்டு செல்பவருக்குப் பாதிப் பழுது வாசலிலேயே நீங்கிவிடும்.